‘அவசரகாலம்’: ஒரு சொல்லும் அதன் சட்டமும்

அண்மையில் அம்பாங்கில் தமிழாசிரியர் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் தம் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறினார். 1948 முதல் 1960 வரை இந்நாட்டில் நிலவிய ‘அவசரகாலம்’ பற்றிப் பேச்சு எழுந்ததாம். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அவசரம் என்றால் விரைவு என்றல்லவா பொருள்? பன்னிரண்டு ஆண்டு நீடித்த அவசரமும் உண்டா? காட்டிலே படைகள் சுட்டுக்கொண்டிருந்தன என்றால், அதைப் போர் என்று சொன்னால் என்ன?” என்று கேட்டிருக்கிறான். வகுப்பு சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். ஆயினும் விடை மட்டும் வரவில்லை. “நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?” என்று நண்பர் என்னை வினவினார். எனக்கும் அப்போது விடை எளிதாகக் கிட்டவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

மாணவன் கேட்டது சொற்பொருளைப் பற்றியதாகத் தோன்றலாம். சற்றே ஆழ்ந்து நோக்கின், ஓர் அரசு தன் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் படைவலியைக் கையாள்வதற்கு எந்தச் சட்டம் அடிப்படை என்னும் பெருவினா அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். சொல்லாராய்ச்சி தமிழாசிரியர்க்குரியது, சட்ட ஆராய்ச்சி வழக்கறிஞர்க்குரியது என்று நாம் பிரித்து வைத்துள்ளோம். இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவரை அப்பிரிவினை பொருந்தாது என்பதை ஈண்டுக் காட்ட முயல்கின்றேன்.

சொல்லின் பொருள்

‘அவசரம்’ வடசொல். அம்மொழியில் அதற்கு வாய்ப்பு, தக்க வேளை என்பன பொருள். தமிழுக்கு வந்தபின் அது விரைவு, பரபரப்பு என்னும் பொருளை ஏற்றது. தமிழகத்தில் 1975 முதல் 1977 வரை இந்தியாவில் நிலவிய ஆட்சிமுறையைப் பெரும்பாலும் ‘நெருக்கடி நிலை’ என்பர். மலாய்மொழியில் ‘டாருராட்’ என்பர். அஃது இன்றியமையாமை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லினின்று வந்தது. ஆங்கிலச் சொல்லோ, எதிர்பாராது தலைதூக்கி எழுவது என்னும் கருத்தை அடியாகக் கொண்டது.

ஒரே நிலையை ஒருவர் விரைவு என்கிறார். ஒருவர் நெருக்கம் என்கிறார். ஒருவர் இன்றியமையாமை என்கிறார். இவற்றுள் சட்டத்திற்கு மிக அணுக்கமானது மலாய்ச் சொல்லே. வழக்கமான சட்டங்களை ஒதுக்கிவைத்து அரசு தனி அதிகாரம் கொள்வதற்குச் சொல்லப்படும் நியாயம் இன்றியமையாமைதான். எனினும் அந்நியாயத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. இன்றியமையாமை தீர்ந்தவிடத்து அதிகாரமும் தீர்தல் வேண்டும். நம் ‘அவசரம்’ என்னும் சொல்லும் அவ்வெல்லையைத் தன்னுள் கொண்டதே. அவசரமாவது சிறிது பொழுதுக்குரியது. பன்னிரண்டாண்டு அவசரம் உண்டோ எனக் கேட்ட மாணவன், தான் அறியாமலே, சட்டத்தின் நடுநரம்பைத் தொட்டுவிட்டான்.

போர் என்னாமைக்குக் காரணம்

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட் அருகே ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18ஆம் நாள் மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜூலையில் அவசரகால ஒழுங்குவிதிகளுக்கான சட்டம் இயற்றப்பட்டது. ஜூலை 23ஆம் நாள் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி தடைசெய்யப்பட்டது. காட்டிலிருந்தோர் தம் படையை விடுதலைப் படை என்றும், தம் செயலை விடுதலைப் போர் என்றும் அழைத்தனர். அரசோ அவர்களை முதலில் ‘கொள்ளையர்’ என்றது. 1952இல் அப்பெயரை மாற்றிக் ‘கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள்’ என்றது. போர் என்னும் சொல்லை மட்டும் இறுதிவரை ஏற்கவில்லை.

ஏன் ஏற்கவில்லை என்பதற்கு அடிக்கடி கூறப்படும் காரணம் ஒன்றுண்டு. போரினால் விளையும் இழப்புக்கு இலண்டன் காப்புறுதி நிறுவனங்கள் ஈடு தரமாட்டா. ஆகவே ரப்பர்த் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கவே ‘அவசரகாலம்’ என்று பெயரிட்டனர் என்பது அது. பொருளாதார நோக்கில் இது பொருத்தமாகவே தோன்றுகின்றது. ஆயினும் சட்ட நோக்கில் விளைந்த பயன்கள் இதனினும் பெரியன. அவை இரண்டு.

முதலாவது, எதிரியின் நிலை. போர் எனின், எதிர்த்து நிற்பவன் படைவீரன், பிடிபட்டால் போர்க்கைதி, படைக்கலம் ஏந்தினான் என்பதற்காக மட்டும் அவனைத் தூக்கிலிடுதல் இயலாது. போர் அன்று எனின், அவன் குற்றவாளி. படைக்கலம் ஏந்தியதே குற்றம்.

இரண்டாவது, படைவீரனின் நிலை. இதனைப் பலரும் எண்ணுவதில்லை. போர்க்களத்தில் எதிரியைக் கொன்ற வீரன் அக்கொலைக்காகத் தன் நாட்டு நீதிமன்றத்தில் விடை சொல்ல வேண்டுவதில்லை. போர் அல்லாத நிலையில் அவன் காவலர்க்குத் துணையாக வந்தவனே. ஆங்கிலச் சட்டமரபின்படி, அத்தகைய வீரனுக்குப் பொதுமக்களுக்கில்லாத தனி உரிமை எதுவும் தன்னியல்பாக இல்லை. அவன் சுடும் ஒவ்வொரு குண்டுக்கும் பொதுச்சட்டத்திற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன்.

ஆகவே ‘அவசரகாலம்’ என்னும் சொல் இருபுறமும் கூருடைய வாளை ஒத்தது. எதிர்ப்பவனின் உரிமையைக் குறைப்பதும் அதுவே; படைவீரனின் பொறுப்பைக் கூட்டுவதும் அதுவே. அரசு முதற்கூரை மட்டும் பயன்படுத்தி இரண்டாவதை உறையிலேயே வைத்திருந்ததா என்பதுதான் நாம் ஆராய வேண்டுவது.

இலக்கணம் தரும் அளவுகோல்

இதனை ஆராய்தற்குத் தமிழாசிரியர் கையிலேயே ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் ஒரு வினை நிகழ்தற்கு வேண்டிய எட்டினைத் தொகுத்துக் கூறுகிறார். அவற்றைத் ‘தொழில் முதனிலை’ என்பர். வினை, அதைச் செய்பவன், செயப்படும் பொருள், இடம், காலம், கருவி, யாருக்காக என்பது, என்ன பயன் கருதி என்பது ஆகியவையே அவ்வெட்டு. வேற்றுமையைக் கற்பிக்கும்போது நாம் இவற்றை மாணவர்க்குச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அரசின் படைச்செயல் எதனையும் இவ்வெட்டில் நிறுத்திப் பார்த்தால், அதன் சட்டநிலை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

சான்றாக, ‘ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்’ என்று ஒரு செய்தி வருகிறது. செயப்பாட்டு வினையின் இயல்பு, செய்தவனைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்க இடந்தருவது. ‘ஐவர் மாண்டனர்’ என்று எழுதினாலோ, கொலை என்னும் வினையே மறைந்துவிடுகின்றது. வினைமுதல் இல்லாத வாக்கியத்தில் பொறுப்பும் இல்லை. பொறுப்பு இல்லாதவிடத்துச் சட்டம் யாரைத் தேடிச் செல்லும்? அரசறிக்கைகளில் செயப்பாட்டு வினை மிகுந்து வருதலைத் தற்செயல் என்று கொள்ளுதல் அரிது.

இவ்வளவுகோலைக் கொண்டு அவசரகாலத்தின் இரு நிகழ்ச்சிகளை நோக்குவோம்.

கணபதி வழக்கு

முதலாவது, தமிழரிடையே இன்றும் பேசப்படுவது. எஸ். ஏ. கணபதி தஞ்சை மாவட்டத்தினின்று வந்தவர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவர். 1948இல் அச்சம்மேளனம் செயலிழக்கச் செய்யப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் பகுதியில் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கைதானார். படைக்கலம் வைத்திருத்தற்கு அவசரகால விதிகள் விதித்த தண்டனை மரணம். இந்திய அரசு அவர் உயிரைக் காக்க முயன்றும் பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இதில் எட்டு முதனிலைகளும் பதிவாகியுள்ளன. பிடித்தவர் யார், பிடிபட்டவர் யார், எங்கே, எப்போது, எக்கருவியுடன் என்பனவெல்லாம் வழக்கில் பேசப்பட்டன. சட்டம் முன்னே இருந்தது. செயல் பின்னே வந்தது. குற்றச்சாட்டும் உண்டு, விசாரணையும் உண்டு. சட்டத்தின் வடிவம் குறைவற்றது என்றே சொல்லலாம். ஆயினும் நெஞ்சு அமைதி கொள்வதில்லை. கைத்துப்பாக்கி ஒன்று கையில் இருந்தமைக்கு உயிரே விலை என்னும் விதி, நீதிபதிக்குத் தண்டனையைக் குறைக்கும் வழியையே அடைத்துவிட்டது. சட்டப்படி நடந்தது என்பதும் நீதிப்படி நடந்தது என்பதும் ஒன்றல்ல என்பதைக் கணபதியின் முடிவு நமக்குக் காட்டுகிறது. எனினும் அவ்வேறுபாட்டை நாம் இன்று பேச இயல்வதும், அனைத்தும் பதிவாகியிருப்பதால்தான்.

பத்தாங் காலி

இரண்டாவது நிகழ்ச்சி அத்தகையதன்று. அம்பாங்கிற்கு வடக்கே, உலு சிலாங்கூரில் பத்தாங் காலி என்னும் ஊரையடுத்துச் சுங்கை ரெமோக் தோட்டம் இருந்தது. 1948 டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவினர் அங்கே 24 சீன ஆடவரைச் சுட்டுக் கொன்றனர். முதல்நாள் ஒருவர், மறுநாள் 23 பேர். எவரிடத்தும் படைக்கலம் இல்லை. தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டனர் என்பது அரசு தந்த விளக்கம்.

நாம் எழுதும் வாக்கியத்தை மேலே மாற்றியிருத்தலை வாசகர் நோக்கியிருக்கலாம். ‘சுட்டுக் கொன்றனர்’ என்பது செய்வினை. அதற்கு எழுவாய் வேண்டும், எழுவாய் உண்டு.

இனிக் காலம் என்னும் முதனிலையை நோக்குக. 1949 ஜனவரியில் அவசரகால விதிகளில் 27அ என்னும் புதுவிதி சேர்க்கப்பட்டது. பிடிபடாமல் தப்பி ஓடுவோரைத் தடுக்க உயிர்போக்கும் படைக்கலத்தைப் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. அவ்விதி அதற்கு முன் நிகழ்ந்த செயல்களுக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டிருந்தது. இவ்விதி பத்தாங் காலிக்காகவே எழுதப்பட்டது என்று நான் துணிந்து கூற வேண்டுவதில்லை. கால வரிசையே போதும். செயல் டிசம்பரில், சட்டம் ஜனவரியில். ஒரு செயலுக்குச் சட்டம் அடிப்படையாய் நிற்றல் வேண்டுமாயின், அடிப்படை என்பது வீடு கட்டியபின் இடும் பொருளா என்று கேட்கத் தோன்றுகின்றதன்றோ?

1970இல் அப்படைப்பிரிவைச் சேர்ந்த வீரர் சிலர், ஓட முயன்றவர்களைச் சுட்டதாகச் சொன்ன விளக்கம் உண்மையன்று என்று பிரிட்டிஷ் செய்தித்தாள் ஒன்றின்வழி வெளிப்படுத்தினர். காவல்துறை விசாரணை தொடங்கிற்று. அவ்வாண்டே அது நிறுத்தப்பட்டது. 1993இல் மலேசியாவில் தொடங்கிய விசாரணையும் 1997இல் முடிவின்றி நின்றது. பின்னர் இறந்தோரின் உறவினர் பொது விசாரணை வேண்டி இலண்டன் நீதிமன்றங்களை நாடினர். 2015 நவம்பர் 25ஆம் நாள் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், பொது விசாரணை நடத்த அரசைக் கட்டாயப்படுத்த இயலாது என நால்வர்க்கு ஒருவர் என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்டவர் லேடி ஹேல். பெரும்பான்மையோடு நின்ற லார்டு கெர் என்பவரே, இப்போது கிடைக்கும் சான்றுகள் குற்றமற்றோர் கொல்லப்பட்டனர் என்பதன் பக்கமே பெரிதும் சாய்கின்றன என்று ஒப்புக்கொண்டார். நிகழ்ந்ததோ நெடுங்காலத்துக்கு முன். ஆதலின் சட்டக்கடமை எழவில்லை என்பதே முடிவின் சாரம். 2018இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் வழக்கை ஏற்கவில்லை.

காலம் இருமுறை இங்கே தொழிற்பட்டிருத்தல் காண்க. முதலில், பின்னே வந்த விதி முன்னே நடந்த செயலைத் தழுவிக்கொண்டது. பின்னர், முன்னே நடந்த செயல் நெடுங்காலம் ஆகிவிட்டமையால் விசாரணைக்கு அப்பாற்பட்டதாயிற்று. காலம் செய்தவர்க்குத் துணை நின்றது, இறந்தவர்க்கு நிற்கவில்லை. ‘அவசரகாலம்’ என்னும் வாளின் இரண்டாம் கூர், படைவீரனைப் பொதுச்சட்டத்தின்முன் நிறுத்த வேண்டிய கூர், உறையினின்று வெளிவரவேயில்லை.

மன்னுறு தொழிலும் தன்னுறு தொழிலும்

இனி நம் புறப்பொருள் மரபு இவ்வினாவை எங்ஙனம் அணுகிற்று என்று காண்பது பயனுடைத்து. வெட்சித்திணையைத் தொல்காப்பியர் வேந்தனால் ஏவப்பட்ட மறவரின் செயலாகக் கொண்டார். பிற்காலத்து ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் வெட்சியை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இரண்டாக்கினார். வேந்தன் ஏவச் செய்வது ஒன்று. ஏவாது தானே மேற்கொள்வது மற்றொன்று. ஏவல் உண்டா இல்லையா என்பது படைச்செயலை வகைப்படுத்தும் அடிப்படை என்பதை நம் இலக்கணிகள் உணர்ந்திருந்தனர். பத்தாங் காலியைப் பற்றிய நெடிய வழக்கிலும், யார் ஏவினார், ஏவல் எதுவரை சென்றது என்பது தீராத வினாவாகவே நின்றது.

ஆயினும் இவ்விடத்து நம்மவர் சிலர் செய்யும் ஒரு பிழையைச் சுட்டுதல் கடமை. இக்காலத்துப் போர்ச்சட்டம் முழுவதையும் பண்டைத் தமிழர் முன்னரே கண்டுவிட்டனர் என்று மேடைதோறும் முழங்குவோர் உளர். அதற்கு அவர்கள் காட்டும் சான்று, பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9ஆம் பாட்டு. அம்பு தொடுக்குமுன், ஆவையும் பெண்டிரையும் நோயுற்றோரையும் புதல்வரைப் பெறாதோரையும் அரண் சேருமாறு அவன் அறிவிப்பான் என்பது அதன் கருத்து. உயர்ந்த கருத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 15ஆம் பாட்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். பகைவர் ஊரின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதை அப்பாட்டுப் புகழ்கின்றது. ஒன்றை மட்டும் எடுத்து மற்றொன்றை மறைப்பது திறனாய்வாகாது. புறநானூறு சட்டநூலன்று, அறத்தின் குரலும் வெற்றியின் குரலும் கலந்து ஒலிக்கும் தொகைநூல் அது.

சட்டத்தின் கருவை நான் காண்பது வேறோர் இடத்தில். புறநானூற்று 47ஆம் பாட்டு எழுந்த நிகழ்ச்சி ஆசிரியர் அறிந்ததே. இளந்தத்தன் என்னும் புலவர் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்தார். நெடுங்கிள்ளி அவரைப் பகைவனின் ஒற்றன் என்று கருதிக் கொல்லப் புகுந்தான். அப்போது கோவூர்கிழார் இடைநின்று, பரிசில் நாடிச் செல்லும் புலவரின் வாழ்வு எத்தகையது, அதனால் யாருக்கேனும் தீங்குண்டா என்று எடுத்துரைத்து அவரை உய்வித்தார்.

நெடுங்கிள்ளி வேந்தன், அது முற்றுகைக் காலம், ஏவலுரிமை அவனுடையதே. மன்னுறு தொழில் என்னும் அளவில் அவன் செயலில் குறையில்லை. குறை, செய்தி உண்மையா என்று தேராமையில் இருந்தது. அதைக் கேட்க ஒருவர் இருந்தார். அதனால் ஓர் உயிர் பிழைத்தது. சிலப்பதிகாரத்துப் பாண்டியனுக்கு முன் அவ்வாறு கேட்பார் எவரும் அந்நேரத்தில் இல்லை. காவலர்க்கு ஏவல் இருந்தது, தேர்தல் இல்லை. கோவலன் மாண்டான். பத்தாங் காலியில் பகைவர்க்கு உதவினர் என்னும் ஐயத்தின்மேல் நிறுத்தப்பட்ட ஆடவர்க்குக் கோவூர்கிழார் வாய்க்கவில்லை.

இவற்றால், அரசின் படைச்செயலைப் பற்றி மூன்று வினாக்கள் எழுப்பத்தக்கன எனத் தெளியலாம். ஏவியவர் யார்? ஏவலுக்குச் சட்டம் எது, அச்சட்டம் செயலுக்கு முன்னதா? ஏவலுக்கு ஆதாரமான செய்தி மெய்யா? முதல் வினாவோடு நின்றுவிட்டது வெட்சித்திணையின் பகுப்பு. மூன்றாவதைக் கேட்டவர் கோவூர்கிழார். இரண்டாவதை விடாது கேட்கப் பிற்காலத்து அரசியலமைப்புச் சட்டங்கள் வேண்டியிருந்தன.

விடுதலைக்குப் பின்

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுற்றது. அதற்கு முன்பே, 1957இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு அரசியலமைப்பு, இந்த அதிகாரத்திற்கு எழுத்து வடிவம் தந்திருந்தது. படைகளின் தலைமை மாமன்னர்க்குரியது என்பது 41ஆம் விதி. அவசரகாலத்தை அவர் அறிவிக்கலாம் என்பது 150ஆம் விதி. அரசு அறிவிக்கும் அவசரத்தின் எல்லை யாது என்னும் வினா 1966இல் சரவாக்கில் எழுந்தது. அங்கே முதலமைச்சராயிருந்த ஸ்டீபன் காலோங் நிங்கானின் பதவி பற்றிய பூசலில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1968இல் தீர்ப்பளித்த பிரிவி கவுன்சில், அவசரம் என்பது படைவலியோடு மட்டும் தொடர்புடையதன்று. போர், பஞ்சம், வெள்ளம், கொள்ளைநோய், ஆட்சி சீர்குலைவு ஆகிய பலவும் அதனுள் அடங்கும் என்று பொருள் விரித்தது. 2021 ஜனவரி முதல் ஆகஸ்டு 1 வரை கொள்ளைநோயை முன்னிட்டு நிலவிய அவசரகாலத்தை நினைவுகூர்வோர் இவ்விரிவின் பயனை அறிவர்.

சொல்லின் பொருள் விரிந்தது; காலமும் விரிந்தது. 1969 மே 13 கலவரத்தை அடுத்து மே 15ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 2011 நவம்பரில்தான் நாடாளுமன்றத் தீர்மானத்தால் முடிவுக்கு வந்தது. நாற்பத்திரண்டாண்டு! நம் மாணவன் இதனை அறிந்திருந்தால் என்ன கேட்டிருப்பானோ?

இந்நீண்ட காலத்தினிடையே நிகழ்ந்த வழக்கொன்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது. பினாங்கில் தே செங் போ என்பவர் கைத்துப்பாக்கி வைத்திருந்ததாக மரணதண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டார். கணபதியின் வழக்கை இது நினைவூட்டுதல் இயல்பே. 1975இல் மாமன்னர் பெயரால் வெளியிடப்பட்ட பாதுகாப்பு வழக்கு விதிகளின்படி அவரை விசாரித்துத் தண்டித்தனர். 1978 டிசம்பரில் பிரிவி கவுன்சில் அவ்விதிகளே செல்லாதவை என்று தீர்த்தது. நாடாளுமன்றம் கூடாத காலத்தில் சட்டம் இயற்றும் அதிகாரம், 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியவுடன் தீர்ந்துவிட்டது என்பது அதன் காரணம். இன்றியமையாமை தீர்ந்தால் அதிகாரமும் தீரும் என்று மேலே கூறிய கொள்கையை இதனினும் தெளிவாகச் சொல்லுதல் அரிது.

அதன்பின் நிகழ்ந்ததையும் சொல்லியாக வேண்டும். 1979இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, செல்லாதவை எனப்பட்ட விதிகளின்கீழ் முன்னர் நிகழ்ந்தவற்றையெல்லாம் செல்லத்தக்கனவாக்கிற்று. 1981இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, அவசரகால அறிவிப்பை நீதிமன்றங்கள் ஆராய்தற்குத் தடை இடப்பட்டது. 1949இல் 27அ விதி செய்த அதே வேலையை 1979ஆம் ஆண்டுச் சட்டம் செய்தது. ஆண்டவர் அயலவர் ஆயினும் நம்மவர் ஆயினும், செயலை முன்னிட்டுச் சட்டத்தைப் பின்னிடும் பழக்கம் மாறவில்லை. ஆகவே இதனைப் பேரரசியத்தின் குற்றம் என்று மட்டும் சொல்லி ஒதுங்குதல் நேர்மையாகாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. 1979இல் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தில் அது வெளிப்படையாக நிகழ்ந்தது. வேண்டாம் எனின் மக்களே மாற்றத்தக்கது.

ஒரு தடையும் விடையும்

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். “காட்டிலிருந்தோர் சட்டம் பார்த்தா கொன்றனர்? சட்டநூலைப் புரட்டிக்கொண்டிருந்தால் நாடு பிழைத்திருக்குமா?” என்பது அத்தடை. இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அரசுக் கணக்குப்படி அவசரகாலத்தில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,478 பேர். காணாமற்போனோர் 810 பேர். அவருள் தோட்டத் தொழிலாளரும் உண்டு. 1951 அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே பதுங்கித் தாக்கியோர் குண்டுக்கு இரையானார். இரவில் லயத்துக் கதவு தட்டப்படும்போது நடுங்கியிருந்த நம் பாட்டன் பாட்டியருக்குக் காவல் வேண்டியிருந்தது என்பதை மறுப்பார் யார்?

எனினும் விடை அத்தடையினுள்ளேயே இருக்கின்றது. காட்டிலிருந்தோர் சட்டம் பாராமையால்தான் அவர்களைக் குற்றவாளிகள் என்று அரசு சொல்லிற்று. அச்சொல்லைச் சொல்லும் உரிமை, தான் சட்டம் பார்க்கும் வரையில்தான் அரசுக்கு உண்டு. பயிரைக் காக்கக் களை பறிப்பது போன்றது கொடியோரை ஒறுத்தல் என்னும் கருத்தை வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில் வைத்தார், படைமாட்சியில் வைக்கவில்லை. அரசன் கொல்லும் உரிமை படைவலியிலிருந்து பிறப்பதன்று, முறை செய்யும் கடமையிலிருந்து பிறப்பது என்பது அவ்வைப்பு முறையாலேயே பெறப்படும். களை எது, பயிர் எது என்று பாராமல் பறிப்பவனை உழவன் என்று யாரும் சொல்லார்.

மேலும், சட்டம் பார்ப்பதால் வலி குன்றும் என்பதற்கும் வரலாறு சான்றாகவில்லை. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அம்பாங் புதுக்கிராமத்தின் பெயர் இன்றும் அக்காலத்தை நினைவூட்டுகிறது. முள்வேலியும் ஊரடங்கும் அம்மக்களுக்குப் பெருந்துன்பமே. ஆயினும் வேலி இன்ன விதியின்படி இடப்பட்டது, இன்னாரால் இடப்பட்டது என்பது தெரியும். அதனால் அதை எதிர்த்து வாதாடவும், பின்னர் நீக்கவும் வழியிருந்தது. சுங்கை ரெமோக்கில் சுட்டதற்கு அவ்வழி இல்லை.

முடிபு

இவ்வளவும் ஆராய்ந்தபின், நண்பரின் மாணவனுக்கு என்ன விடை கூறலாம்? ‘அவசரகாலம்’ என்னும் சொல்லை மாற்றிப் ‘போர்’ என்று எழுதுவதால் பயனில்லை. போர் என்றால் படைவீரன் ஒவ்வொரு குண்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து விடுபட்டுவிடுவான். அச்சொல்லையே வைத்துக்கொண்டு, அதன் இரு கூர்களையும் மாணவர்க்குக் காட்டுவதே தக்கது. அரசு இதனைப் போர் அன்று எனச் சொல்லியதால், கொன்ற ஒவ்வோர் உயிருக்கும் விடை கூறும் கடமையைத் தானே ஏற்றுக்கொண்டது. அக்கடமையை எங்கே நிறைவேற்றியது, எங்கே தவறியது என்று கேட்பதே வரலாற்றுப் பாடம்.

தமிழாசிரியர்க்கு இதில் இரு கடமைகள் உள. ஒன்று, செய்வினை செயப்பாட்டு வினைகளைக் கற்பிக்கும் நாளில், செய்தித்தாள் வாக்கியம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, ‘வினைமுதல் எங்கே?’ என்று மாணவரைக் கேட்கச் செய்தல். மற்றொன்று, சிலப்பதிகாரம் நடத்தும் நாளில், ஏவலுக்கும் தேர்தலுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுதல். தேராது ஏவியதை உணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர்விட்டான். அஃது காப்பியம். நாம் மன்னர் உயிரைக் கேட்கவில்லை. நடந்தது என்ன என்று ஒருமுறை முறையாக விசாரிக்க வேண்டும் என்றே இறந்தோரின் உறவினர் கேட்டனர். அறுபத்தேழு ஆண்டுகள் கழித்தும் அதற்கு இசைவு கிடைக்கவில்லை.

அடுத்த முறை அம்பாங்கில் அந்நண்பரைக் காணும்போது இதையே அவரிடம் சொல்வேன். அவர் தம் மாணவனிடம் சொல்லட்டும். அவசரம் பன்னிரண்டாண்டு நீடிக்கலாமா என்று அவன் கேட்டது சிரிப்பதற்குரிய வினா அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.